மச்சான் வண்டியின் ஆக்சிலேட்டர் கேபிள்

என் அக்காவை ஓயாமல் சிரிக்க வைத்த மச்சானுக்கு,

நேற்று உங்கள் பிக்கப் வண்டி மத்திகிரியில் என் பட்டறைக்கு வந்தது. கெலமங்கலம் ரோட்டு வளைவில் உங்களைக் கொன்ற அதே வண்டிதான். நசுங்கிய முகப்பை நிமிர்த்தி, பச்சை பெயின்ட் அடித்து, பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருக்கிறார் உங்கள் முதலாளி.

"ஆக்சிலேட்டர் கேபிள மாத்திடு பாய். புது டிரைவர் மிதிக்கவே பயப்படறான். பழச குப்பையில போட்டுடு" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெடல் பக்கம் கழற்றி, டீசல் பம்ப் பக்கம் லாக் நட்டைத் தளர்த்தி உருவினேன். லேசில் வரவில்லை. உள்கம்பியின் இழைகள் அறுந்து, பிரிந்து, உறைக்குள் முள்ளாகக் குத்தி நின்றன. இழுத்தால் வந்தது, மறுமுனையைப் பிடித்து இழுத்தாலும் திரும்பவில்லை. பம்ப் லிவரைப் பின்னால் இழுக்கும் ஸ்பிரிங்கும் இல்லை. அந்த இடத்தில் சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டியிருந்தது. நம் பக்கத்தில் எந்த வண்டியில்தான் அது இல்லை? ஆனால் இற்றுப்போன ரப்பர் எதை இழுக்கும்?

நீங்கள் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டீர்கள், மச்சான். அதன் பிறகும் வண்டி ஓடியிருக்கிறது.

உங்களை அடக்கம் செய்த அன்று, வீட்டு வாசலில் இதே முதலாளி, "சொன்னா எங்க கேக்கறான்? வேகம் வேகம்னு பறப்பான்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். தூ!

அதற்கு இரண்டு வாரம் முன்பு நீங்கள் என்னிடம் வந்தீர்களே, நினைவிருக்கிறதா? "மாப்ள, மிதிச்சா திரும்ப மாட்டேங்குது, என்னான்னு பாரு." புதுக் கேபிள் வாங்க முதலாளி சம்மதிக்கவில்லை. நான் நாலு சொட்டு ஆயில் விட்டு, டியூபைக் கட்டி, "இப்போதைக்கு ஓடும், போங்க மச்சான்" என்றேன். அந்த முடிச்சு என் முடிச்சு.

அக்கா இன்னும் கேட்கிறாள்: "எங்க நெனப்பு ஒரு துளி இருந்திருந்தா அப்பிடி ஓட்டியிருப்பாராடா?" உங்கள் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள்.

புதுக் கேபிளைப் போட்டுவிட்டேன், அந்தப் புது டிரைவருக்காக. ஒரு நூல் தொய்வு விட்டு நட்டை இறுக்கி, ஸ்பிரிங்கும் மாட்டினேன். இருபது தடவை மிதித்துப் பார்த்தேன். இருபது தடவையும் திரும்பியது. அரை மணி நேர வேலை, மச்சான். அவ்வளவுதான்.

பழையதைக் குப்பையில் போடவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மூக்கண்டப்பள்ளிக்குப் போய் அக்கா கையிலேயே கொடுத்து, ஒரு முனையை இழுத்துவிட்டு மறுமுனையைத் திரும்ப இழுக்கச் சொல்வேன். அது திரும்பாததை அவளே பார்க்கட்டும். டியூபையும் முடிச்சோடு கொண்டுபோகிறேன். யார் கட்டியது என்று அவள் கேட்குமுன் சொல்லிவிடுவேன். அப்புறம் அவள் எனக்குக் கதவைத் திறக்காமல் போகலாம். உங்கள் பெயரைக் கேட்டு மட்டும் இனி எழுந்து போகமாட்டாள்.

இன்னும் உங்கள் மச்சினன் என்றே சொல்லிக்கொள்ளும்,
பஷீர்