லுக்சம்பர்க் போக ஒரு காரணம்

9 ஆகஸ்ட் 1979, வியாழன்

ஜெயித்துவிட்டேன்! லுக்சம்பர்க்கில் மகளுக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டால் துணைக்கு ஆளில்லை. போகலாம் என்று ஒரு வாரமாகக் கெஞ்சியும் இவர் அசையவில்லை. "பாரீஸ்னா சொல்லு, வாரேன். அதெல்லாம் ஒரு ஊரா?"

நடந்தே சுற்றிவிடலாமாம் என்றேன். பள்ளத்தாக்கு மேலே பெரிய பாலமாம் என்றேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் நீங்கள் கற்ற பிரெஞ்சு அங்கேயும் செல்லுமாம் என்றேன். ம்ஹூம்.

இன்று மத்தியானம் மீன்குழம்பு ஊற்றும்போது போட்டேன் ஒரு போடு. "ஏங்க, நீங்க பாரீஸ் கதைய எடுத்தாலே டீக்கடையில சவரிமுத்து அண்ணன் 'நானும் போயிருக்கேன், அது அப்படியில்ல'ன்னு மடக்குறாருல்ல? லுக்சம்பர்க்குக்கு நம்ம ஊர்லேர்ந்து யாரு போனா? நீங்க ஆனை பறக்குதுன்னாலும் அவரு கேட்டுக்கணும்."

பிசைந்த கை அப்படியே நின்றது. "ஒருத்தனும் போகலையா?"

"ஈ காக்கா போகலங்க."

சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போனேன். டிக்கெட்டே எடுக்கவில்லை, டீக்கடையில் அந்த ஊர்க் குளிரை நடுங்கி நடுங்கிக் காட்டிக்கொண்டிருக்கிறார் மனிதர். சவரிமுத்து அண்ணனே தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

வலி எடுக்கும்போது என் பிள்ளை என் கையைத்தான் பிடிப்பாள். கண் சொக்குகிறது, போதும்.