காக்கி ஏப்ரன் கட்டாத பேக்பைப்காரர்

ஓபன்,
3 மார்ச் 1964

அன்பு மருமகள் இஷ்பலுக்கு,

உலகில் ஒருவரும் நம்பாத கதை ஒன்றை எங்கள் பூனையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து எழுதுகிறேன்.

பெட்டியில் இருக்கும் பொம்மை உன் தாத்தா. 1916ஆம் வருடப் போர்க்களம், கையில் பேக்பைப் வாத்தியம், உயரம் என் கட்டைவிரல். சீருடையைப் பற்றி நான் விசாரித்த விசாரிப்பில், ஊரிலுள்ள பழைய சிப்பாய்கள் என்னைக் கண்டாலே சுவரேறி ஓடுகிறார்கள். கில்ட் பாவாடையின் கட்டங்களைப் பூனை மீசையால் வரைந்தேன். பூனை இன்னும் என்னோடு பேசவில்லை.

எதிரி கண்ணில் படாமல் கில்ட்டை மறைக்க எல்லோரும் முன்னால் கட்டிய காக்கி ஏப்ரன் எங்கே என்பாய். ஜெர்மானிய ஆடு ஒன்று தின்றுவிட்டது. வெளியே தெரிந்த கட்டங்களைக் கண்டு குண்டுகள் வெட்கப்பட்டுத் திரும்பிப் போயின.

டூகல் மாமா

பெர்த்,
9 மார்ச்

அன்புள்ள மாமா,

நலம்தானே? அத்தை பெட்டியில் வைத்த ஓட்ஸ் ரொட்டியில் பாதியை அனுப்பும் முன்பே தின்றது யார்?

இங்கே நடக்கும் போர்ப் பொம்மைக் கண்காட்சியின் தலைவர் கில்கிறிஸ்ட் உங்கள் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாவம்மா உங்க மாமா, கண்ணு மங்கிப்போச்சு போல" என்றார். சுருக்கென்றது. ஆனால் அந்த வருடப் படங்கள் எல்லாவற்றிலும் ஏப்ரன் இருக்கிறதே! சனிக்கிழமைக்குள் அதை வரையாவிட்டால் தாத்தாவுக்குக் கண்ணாடிப் பேழையில் இடமில்லையாம். அவரிடம் ஆட்டுக் கதையையா சொல்வேன்? ஒரே ஒரு உண்மை சொல்லுங்கள், உங்களுக்காகச் சண்டை போடுகிறேன்.

இஷ்பல்

ஓபன்,
11 மார்ச்

அன்பு இஷ்பல்,

கண் மங்கியதா! கடலடி மீனின் பல்லை எண்ணும் கண் இது!

தேநீர் ஆறுவதற்குள் அந்த ஏப்ரனை என்னால் வரைய முடியும். வரையமாட்டேன். அரசியாரே வந்து தூரிகையைப் பிடித்துக்கொண்டு அழுதாலும் மாட்டேன்.

தாத்தாவின் சிநேகிதன் ஈவன் அவர் பக்கத்திலேயே குண்டடிபட்டுச் செத்து விழுந்தான். நல்ல மழை. போர்த்தப் போர்வை இல்லை. தாத்தா தன் ஏப்ரனை அவிழ்த்து அவன் முகத்தை மூடினார். மாலையில் சார்ஜென்ட் கத்தினாராம்:

"ஏப்ரன் எங்கடா?"

"ஈவன்கிட்ட இருக்குங்க. வேணும்னா நீங்களே போய்த் திருப்பிக் கேளுங்க."

தண்டனையாகத் தாத்தா கழிப்பறைக் குழி வெட்டினார். வேறு ஏப்ரன் கொடுத்தார்கள். போர் முடியும்வரை அதைக் கட்டவில்லை.

பேழையில் நின்றால் அவர் இப்படித்தான் நிற்பார். கில்கிறிஸ்ட் என்ன சொன்னாலும் சரி.

ஆடு பொய். குண்டு பொய். பூனை மீசைகூடப் பொய். ஏப்ரன் ஈவனிடம் இருக்கிறது, அது மட்டும் நிஜம்.

டூகல் மாமா