நம் வீட்டுச் சுவரில் வரைந்த தொட்டில்

அன்பு மகள் சரண்யாதேவிக்கு, அம்மா எழுதுவது. உடம்புக்கு இங்கே யாருக்கும் குறைவில்லை. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் இதை எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்புகிற உன் தோழி தீப்தியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஐப்பசி மழையில் நம் விளாங்குடித் தெருவில் பதினொரு நாள் முழங்கால் தண்ணீர் நின்றது உனக்குத் தெரியும். சொல்லாதது ஒன்று இருக்கிறது. எதிர்வீட்டுக் கண்ணுச்சாமியின் மனைவி பேச்சியம்மா ஏழு மாத வயிற்றோடு அந்தத் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள், பிள்ளை தங்கவில்லை. மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், நாங்கள் பட்டதையெல்லாம் சுவரில் படமாக வரைந்து வைப்போம், போகிறவர் வருகிறவராவது பார்க்கட்டும் என்று தெருப் பெண்கள் முடிவு செய்தோம். மெயின் ரோட்டைப் பார்த்த சுவர் நம் வீட்டுக்குத்தான் இருக்கிறது. அப்பாவும் சரி என்றார், என்ன வரையப் போகிறோம் என்று கேட்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை வரைந்தோம். ஒருத்தி ஸ்கூட்டர் மூழ்கிக் கிடந்ததை வரைந்தாள், இன்னொருத்தி கொசுவை ஆட்டுக்குட்டி அளவுக்கு வரைந்துவிட்டு அவளே சிரித்தாள். பேச்சியம்மா தண்ணீரில் மிதக்கிற ஒரு தொட்டிலை வரைந்தாள். எனக்கு உன் பெரியப்பாவின் குடோனை விட்டுவிட்டு வரையத் தெரியவில்லையம்மா. வாய்க்காலை அடைத்துக்கொண்டு நிற்பது அதுதானே. பச்சை ஷட்டரோடு அப்படியே வரைந்துவிட்டேன்.

வரைந்து முடித்த நாலாம் நாள் பெரியப்பா வந்தார். வாசலில் நின்றபடியே, ‘எம்பேர்ல இருக்க வீட்டுச் செவுத்துலயே என்னையத் திருடனாக்கிப்புட்டீகளாத்தா’ என்று கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் வெள்ளையடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். பாகம் பிரிக்காத சொத்து, பத்திரம் அவர் பேரில். இந்த வயதில் எங்கே போவது? அப்பா பெயின்ட் வாளியை வாங்கிவந்து என் முன்னால் வைத்து, ‘அண்ணே சொல்லிட்டாரு, நான் என்ன செய்ய’ என்றார். இரண்டு நாள் அந்த வாளியைத் தாண்டித் தாண்டித்தான் சமைத்தேன். தெருவில் இறங்கினால் பெண்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, வீட்டுக்குள் வந்தால் அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை. மொட்டைமாடிக்கு ஏறினாலும் குடோன்தான் கண்ணில் படுகிறது.

கடைசியில் பேச்சியம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ‘அழிச்சிருங்கக்கா, இருக்க வீடு வேணும்ல. தொட்டில மட்டும் நான் வந்து அழிச்சுக்கிறேன், வேற யாரும் தொட வேணாம்’ என்றாள். சொன்னபடியே வந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு, சின்ன பிரஷ்ஷால் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லப் பூசினாள், ஒரு மணி நேரம் ஆனது. பக்கத்தில் நின்று நான் குடோனைப் பூசினேன்.

அதற்கப்புறம், அழிப்பதற்கு முன்பே எடுத்து வைத்திருந்த படத்தின் போட்டோவை வைத்து, தெருப் பெண்கள் கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதினார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். குடோன் கட்டும்போது வாய்க்காலில் மண்ணடித்ததைக் கண்ணால் பார்த்தேன், அந்த ஆட்களுக்குச் சோறு சுமந்தவளே நான்தான் என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை மனு போகிறது. அப்பாவுக்கு இன்னும் தெரியாது, இது உன் கைக்கு வரும்போது தெரிந்திருக்கும். பயமாகத்தான் இருக்கிறது.

பெரியப்பா உனக்கு போன் செய்வார். எதிர்த்துப் பேசிவிடாதே, எனக்காக மன்னிப்பும் கேட்காதே. அப்பாவிடம் கோபமில்லாமல் பேசு, அவருக்கும் போக்கிடம் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையுமில்லாமல் வாழ நம் குலசாமி துணை நிற்கட்டும். உன் சர்ட்டிபிகேட்டுகளையும் கல்யாண ஆல்பத்தையும் தீப்தியின் அம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது, நாங்கள் எந்த வீட்டில் இருக்கிறோம் என்று கேட்டுக்கொண்டு வா.

உன் அம்மா,
தாமரைச்செல்வி