வெயில் மாதத்துப் பட்டை

1813 பெப்ரவரி 26

காலி நகரக் கோட்டையிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. நான் ஜூரி! பதின்மூன்று பேர், எல்லோரும் கறுவாப்பட்டை உரிக்கும் எங்கள் ஆட்கள். ஒல்லாந்தர் காலத்தில் எங்களைக் கையைக் கட்டித்தான் நீதிமன்றக் கச்சேரிக்குள் கூட்டிப் போவார்கள். இப்போது உட்கார நாற்காலியாம்.

என் மனைவி லூசிஹாமிக்குச் சிரிப்பு. "கறியில உப்பு இருக்கா இல்லையான்னே சொல்லத் தெரியாது. இவரு தீர்ப்பு சொல்லப் போறாராம்!"

பொறாமை. வேறென்ன?

மார்ச் 2

ஜூரிக்குப் போட வேண்டிய கோட்டு இடுப்பில் பிடிக்கிறது.

மார்ச் 8

வழக்கு கொஸ்கொட ஜுவானிஸ் மேல். பெப்ரவரி முதல் வாரத்தில் அரசாங்கத் தோட்டத்தில் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்தானாம். எங்கள் ஊர்த் தலைவர், விதானை, கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். ஜுவானிஸ் போன வருடம் அவர் வயலில் சும்மா உழைக்க மறுத்தவன். குற்றம் உறுதியானால் நாடு கடத்தி மொரிசியஸுக்குக் கப்பல். நாலு பிள்ளைகள் அவனுக்கு.

அவனிடம் கண்டெடுத்ததாகச் சொன்ன பட்டையை எங்கள் கையில் கொடுத்தார்கள். ஒரு முழ நீளம், ஒரு கீறல் இல்லை. பதின்மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மழை பெய்து மரத்தில் சாறு ஓடினால்தான் பட்டை இப்படிக் கழன்று வரும். பெப்ரவரி வெயிலில் அது கட்டையை விடவே விடாது. உரிக்கும் கத்தியைக் கையில் எடுக்காத குடும்பம், விதானைக்கு எப்படித் தெரியும்? வெள்ளைக்கார நீதிபதிக்கு எப்படித் தெரியும்?

நான்தான் எழுந்து இதைச் சொன்னேன். எனக்கு வேலை பிரித்துக் கொடுப்பவரே அந்த விதானை.

அவர் சிரித்தார். "நல்ல கைக்காரனுக்கு எந்த மாசமும் உரியும், துரை! இந்த தேனிஸ் இருபது வருஷத்துல ஒரு பட்டையக் கிழிச்சதில்ல. உரிக்கச் சொல்லிப் பாருங்க!"

நாளை காலை நான் உரித்துக் காட்ட வேண்டும். ஐயோ, நான் ஏன் வாயைத் திறந்தேன்?

மார்ச் 9

வேண்டுமென்றே கிழித்தால் அது பொய்ச் சத்தியம். முழுசாக வந்துவிட்டால் ஜுவானிஸ் கப்பலில். அதோடு, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், என் கை உள்ளுக்குள் முழுசாக உரிக்கவே துடித்தது. அத்தனை ஜனம் பார்க்கிறதே!

கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். புதிதாக வெட்டிய மூன்று கறுவாக் குச்சிகள். பட்டை இளகப் பித்தளைக் கம்பியால் தேய்த்தேன், நுனியில் கீறினேன், எனக்குத் தெரிந்த எல்லா வித்தையும் காட்டினேன். முதல் குச்சியில் துண்டு துண்டாக வந்தது. இரண்டாவதில் கட்டையும் சேர்ந்து பிய்ந்தது. மூன்றாவதில் விரலில் ரத்தம்தான் வந்தது.

"இவ்வளவுதானா உங்க தேனிஸு!" என்று பின்னாலிருந்து எவனோ கத்தினான். ஜனம் கொல்லென்று சிரித்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் ஆயுளில் இப்படி நெஞ்சை நிமிர்த்தியதில்லை.

குற்றமில்லை என்று பதின்மூன்று பேரும் ஒரே வாக்கு. ஜுவானிஸ் வெளியே வந்து, "அண்ணே..." என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன்.

மார்ச் 10

லூசிஹாமி விரலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டினாள். கேலி பேசவில்லை.

ஜூன் 14

மழை. காலியிலிருந்து மறுபடியும் அழைப்பு. பொய்ச் சத்தியத்துக்காக விதானை கூண்டில் நிற்கப் போகிறார். எந்த மாதிரி ஜூரி வேண்டும் என்று அவரிடமே கேட்டார்களாம். வெள்ளைக்காரர்களைக் கேட்டிருக்கலாம். பெரிய சாதி முதலியார் அதிகாரிகளைக் கேட்டிருக்கலாம்.

"பட்டை உரிக்கிறவங்களே வரட்டும். மானம் போனாலும் நியாயம் பாக்கிறவங்க," என்றாராம்.