டீசல் அணியில் என் மனைவி

10 டிசம்பர் 2000, ஞாயிறு

வாரத்தில் ஒரே ஒரு லீவு நாள். தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் சுப்ரமணியன் காலையிலேயே வந்து கதவைத் தட்டிவிட்டார். பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றமாம். கன்னட நடிகரைக் கடத்தியதில் ஊரில் எழுந்த பதற்றம் ஓய்ந்து, அல்சூரில் தமிழில் மைக் வைக்க இப்போதுதான் எல்லோருக்கும் தைரியம் வந்திருக்கிறது.

"கணவனா மனைவியான்னு பேசிப் பேசிப் புளிச்சுப்போச்சு சார். இந்த வாட்டி புதுசா, நீர்மூழ்கியில சிறந்தது டீசலா, அணுவா?"

ஆகஸ்டில் ரஷ்யாக்காரனின் கப்பல் மூழ்கியதிலிருந்து ஆளாளுக்கு நீர்மூழ்கி நிபுணர்கள். நான் கடற்படையில் இரண்டு வகையிலும் எஞ்சின் பார்த்தவன், அதனால் அணு அணிக்கு நான். டீசல் அணிக்கு மைக்கேல்ராஜ். டீசல் கப்பலில் சமையல்காரனாக இருந்தவன், நல்ல வாய்.

பத்திரிகையில் வந்ததைத் தாண்டி ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்றேன். "அதுவே எங்களுக்கு ஜாஸ்தி சார்" என்றார்.

13 டிசம்பர்

விசாகப்பட்டினத்திலிருந்து பழைய அதிகாரி போன் செய்தார். நீர்மூழ்கிப் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷ ஒப்பந்த வேலை. குடும்பத்துக்கு வீடு கிடையாது, தனியாகத்தான் வர வேண்டும். ஜனவரி இருபதுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பீன்யாவில் ஒரு தொழிற்சாலை ஜெனரேட்டருக்குக் காவல் இருப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? எனக்குப் போக ஆசை. இங்கேயாவது ஒளிக்காமல் எழுதுகிறேன் — ரொம்ப ஆசை.

மனைவி தமயந்தியிடம் சொன்னேன். தோசைக்கல்லைப் பார்த்தபடியே, "உங்க இஷ்டம்" என்றாள்.

இதற்கு என்ன அர்த்தம்? போ என்றா, போனால் பார் என்றா?

17 டிசம்பர்

மறுபடி கேட்டேன். மறுபடி "உங்க இஷ்டம்".

24 டிசம்பர், ஞாயிறு

கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட ஸ்டூலில் ஏறிய மைக்கேல்ராஜ் விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். பட்டிமன்றம் நின்றது, நிம்மதி என்று நினைத்தேன். சுப்ரமணியன் எங்கள் வீட்டில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தபோது, காபி கொண்டுவந்த தமயந்தி டம்ளரை வைத்துவிட்டு, "டீசல் பக்கம் நான் பேசறேன்" என்றாள்.

மனுஷர் துள்ளிக் குதித்தார். "புருஷன் பொண்டாட்டி எதிரெதிரா! ஹால் நெரம்பிடும்மா!"

ஸ்கூலில் டீச்சர், மேடை அவளுக்குப் புதிதில்லை. ஆனால் டீசல் கப்பலைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்?

27 டிசம்பர்

என்னிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும் என்றேன். கடலுக்குள் பேட்டரியில் ஓடும். மெதுவாகப் போனால் சில நாள் தாங்கும், விரட்டினால் சீக்கிரம் காலி. அப்புறம் மேலே வந்து குழாயை நீட்டிக் காற்று வாங்கி, எஞ்சினை ஓட்டி சார்ஜ் ஏற்ற வேண்டும். எதிரி பிடிப்பது அப்போதுதான்.

"அணு?"

உலைச் சூட்டில் நீராவி, அதில் டர்பைன். காற்றே வேண்டாம். மாதக்கணக்கில் உள்ளேயே, அதுவும் வேகமாக. குடிக்க, குளிக்கத் தண்ணீரும் உள்ளேயே தயாராகும்.

"சத்தம்?"

இங்கே நான் கொஞ்சம் இழுத்தேன். விடமாட்டேன் என்கிறாள். சரி, பேட்டரியில் ஓடும் டீசல் கப்பல்தான் அமைதி, அணுக் கப்பலில் உலையைக் குளிர்விக்கும் பம்புகளை நிறுத்தவே முடியாது என்று ஒப்புக்கொண்டேன். கரையோரத்து ஆழமில்லாத கடலுக்கு டீசல்தான் தோது, செலவும் குறைவு என்பதையும் பிடுங்கிக்கொண்டாள்.

"அப்ப அணுக் கப்பல் எப்பத்தான் மேல வரும்?"

"சாப்பாடு தீந்தா."

"தீரலன்னா?"

"வர வேண்டிய அவசியமில்ல."

அவள் பேனாவை மூடினாள். நாங்கள் சேர்ந்தாற்போல இவ்வளவு நேரம் பேசி எத்தனை வருஷமாயிற்று என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

14 ஜனவரி 2001, பொங்கல்

கூட்டம் உண்மையிலேயே நிறைந்துவிட்டது. என் மகள் சிந்து தோழிகளோடு முன்வரிசையில். நான் முதலில் பேசினேன். வேகம், தூரம், தாங்கும் நாள், எல்லாம் கணக்காகச் சொன்னேன். மரியாதைக்குக் கை தட்டினார்கள்.

தமயந்தி எழுந்தாள். பேட்டரி, சத்தம், செலவு என்று நான் சொல்லிக்கொடுத்ததை வைத்தே என்னை நன்றாகச் சாத்தினாள். எனக்கே சிரிப்பு வந்தது. அப்புறம் குறிப்புத் தாளை மடித்து வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரர் டீசல் கப்பல்ல இருந்தப்ப, வீட்டுக்கு வந்தா உடம்பெல்லாம் டீசல் வாடை. துணிய மூணு தண்ணி அலசணும். ஆனா சோத்துல கை வெச்சவர் கை காயற வரைக்கும் பேசுவார். அப்புறம் அணுக் கப்பலுக்குப் போனார். திரும்பி வந்தார், ஒரு வாடையும் இல்ல. ஒரு பேச்சும் இல்ல. அதுக்குத்தான் காத்தே வேணாமே! மேல வரணும்ங்கிற கட்டாயம் இருக்கற கப்பல்தாங்க நல்ல கப்பல்."

ஹாலே சிரித்தது. சிந்து மட்டும் சிரிக்கவில்லை.

நடுவர் ஸ்ரீகண்டன், ரிட்டயர்ட் புரொபசர், டீசலுக்கே தீர்ப்புச் சொன்னார். போருக்கு அணு, வீட்டுக்கு டீசலாம். நீர்மூழ்கியை எவன் வீட்டில் வைத்துக்கொள்கிறான்? கோபம் கோபமாக வந்தது.

15 ஜனவரி

காலையில் கேட்டுவிட்டேன். "விசாகப்பட்டினம் போகாதீங்கன்னு நேராவே சொல்லியிருக்கலாமில்ல? ஊரைக் கூட்டித்தான் சொல்லணுமா?"

கரும்பு நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"போகாதீங்கன்னு யார் சொன்னது? நீங்க ரஷ்யாவுல பயிற்சிக்குப் போயிருந்தப்ப நான் அம்மா வீட்ல கொழந்தைய விட்டுட்டு பி.எட். படிச்சேன். வேலைக்குப் போனேன். நல்லாத்தான் இருந்தேன். நீங்க ஊர்ல இல்லாதப்ப எனக்கு ஒரு கஷ்டமும் இல்லைங்க. வீட்ல இருக்கறப்பதான் ஆளில்லாத மாதிரி இருக்கு."

ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போனேன். சொல்லாமல் போனேன், அதைத்தானே அவள் சொன்னாள்! மடையன்.

கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டு வந்தவன் நான், கப்பலைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்று. அதை மட்டும் சொல்லாமலிருக்க எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் சொல்லாமல் விட்டேன். மதியம் என்ன சாப்பிட்டேன் என்பதில் என்ன ராணுவ ரகசியம்? அவள் அப்பா இறந்தபோது நான் தனியாக அழுதேனே, அதைக்கூட அவளிடம் சொல்லவில்லை. அவள் நான் அழவேயில்லை என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருப்பாள். வெட்கமாக இருக்கிறது.

16 ஜனவரி

சாப்பிடும்போது அவள் அப்பா விஷயத்தைச் சொன்னேன். நாலு வார்த்தைதான் வந்தது. அவள் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மோர் ஊற்றினாள்.

19 ஜனவரி

விசாகப்பட்டினத்துக்கு போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன். தமயந்திக்கே ஆச்சரியம். "நான் போகாதீங்கன்னு சொல்லலியே?"

அவளுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று பெருமையடிக்க மாட்டேன். ஆசை இன்னும் போகவில்லை. ஆனால் அங்கே போனால் வீட்டோடு பேசாமலிருக்கச் சம்பளம் கொடுப்பார்கள். எனக்கு அது ரொம்ப சுலபம்.

4 மார்ச், ஞாயிறு

இந்த நோட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. இடையில் ஒன்றுமே எழுதவில்லை. ஃபாக்டரியில் பாய்லர் மக்கர் செய்தது, கூட வேலை பார்க்கும் கோவிந்தப்பாவோடு சண்டை போட்டு மறுநாளே சமாதானமானது, எல்லாம் நடந்துதான் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் தமயந்தியிடம் சொல்லியாகிவிட்டது. பாய்லர் கதையை மூன்றாம் தடவை ஆரம்பித்தபோது, "போதும் நிறுத்துங்க, ரசம் ஆறுது" என்றாள். அதையே மறுபடி உட்கார்ந்து எழுத அலுப்பாக இருக்கிறது.