எந்தப் பக்கத்திலிருந்து வருவான்

பிப்ரவரி 9, ஞாயிறு

மிசோ சூப். நேற்றைய சோறு. பிற்பகலில் டிவியின் சிவப்பு விளக்கு தானாக எரிந்தது. என் மனைவி ஹிசானோ பார்க்கும் பயண நிகழ்ச்சி பதிவாகிறது. அவள் புத்தாண்டு முடிந்த கையோடு கடல் தாண்டி வாகயாமாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். டிவிக்கு அது தெரியாது. வாராவாரம் அவளுக்காக எடுத்து வைத்துக்கொண்டே இருக்கிறது. எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் மட்டும் நிறுத்திவிடுவேனா?

எங்கள் கூரையில் இரண்டு ஆன்டெனா. ஒன்று நம் பக்கத்து மலையைப் பார்த்து நிற்கிறது, இன்னொன்று கடலைத் தாண்டி வாகயாமாவை. அவள் பார்ப்பதெல்லாம் அக்கரை நிலையம்தான். இப்போது அங்கேயே உட்கார்ந்து அதே நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிப்ரவரி 11

நாள் முழுக்கக் காற்று. ஆன்டெனா ஆடியது. எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 14

வாகயாமாவிலிருந்து குனிகோ அக்கா போன் செய்தாள்.

"ஹிசானோ சாப்பிடுறா, தூங்குறா. நீ எப்படி இருக்க?"

"இருக்கேன்."

"அவ்ளோதானா? அவகிட்ட ஒரு வார்த்தை பேசினா என்ன கொறஞ்சு போயிடுவ? வாயில என்ன மோச்சி உருண்டையா அடைச்சு வச்சிருக்க?"

அவளே வைத்துவிட்டாள்.

என்ன சொல்வது? எங்கள் மகன் தைச்சி இறந்து, வருகிற வசந்தத்தோடு இரண்டு வருடம். புறவழிச்சாலை, மழை, அவனுடைய பைக். அதற்கு முந்தைய ஆகஸ்டில் ஆவா நடனத் திருவிழாவை உள்ளூர் நிலையம் நேரலையில் காட்டியது. அதில் அவன் தன் குழுவோடு ஆடிக்கொண்டு போகிறான். ஹிசானோ பதிந்து வைத்திருந்தாள். அவன் போன பிறகு தினமும் சாயங்காலம் பாத்திரம் கழுவியதும் அதைப் போடுவாள். "ஏங்க, வாங்களேன். ஒரே ஒரு தடவ." முதல் மணிச்சத்தம் கேட்டதுமே நான் கொட்டகைக்குப் போய்விடுவேன். அங்கே எலுமிச்சைக் கூடைகளை அடுக்குவேன். அடுக்கியதையே பிரித்து மறுபடி அடுக்குவேன்.

போகும்போது அவள் கத்தவில்லை. "இத்தனை நாளா நான் தனியாப் பாக்குறேன். நீங்க ஒரு தடவகூட அவனப் பாக்கல." அவ்வளவுதான் சொன்னாள்.

உண்மைதான். எனக்கு அழுகை வருவதில்லை, கோபம் வருவதில்லை. மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பது போல இருக்கிறது எல்லாமே.

பிப்ரவரி 16, ஞாயிறு

சிவப்பு விளக்கு எரிந்தது. டிவியைப் போட்டேன். சத்தம் வருகிறது. படம் இல்லை. அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன். கறுப்பு.

பிப்ரவரி 17

எலக்ட்ரிக் கடை பாண்டோ வந்தான். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவன். இன்னும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறான். வந்ததும் டார்ச்சைத் திரையில் ஒட்டினாற்போல் வைத்து அடித்தான்.

"இங்க பாருங்கண்ணே."

வெளிச்சம் விழுந்த வட்டத்துக்குள் மட்டும், சாம்பல் நிறத்தில், செய்தி வாசிப்பவளின் ஒரு கண் தெரிந்தது.

"படம் இருக்கு. பின்னாடி எரியுற விளக்குதான் போச்சு. பழைய மாடல், சாமான் கிடைக்காது. புதுசு வாங்கிடுங்க. எத்தன நாளைக்குத்தான் இந்தக் கிழத்தக் கட்டிக்கிட்டு அழுவீங்க?"

பதிந்ததெல்லாம் பக்கத்தில் இருக்கிற டிஸ்க்கில்தானே இருக்கிறது, புது டிவியில் மாட்டினால் வராதா என்று கேட்டேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"வராதுண்ணே. எந்த டிவி பதிஞ்சதோ அந்த டிவிதான் காட்டும், அப்படி ஒரு பூட்டு. வேறதுல மாட்டினா டிஸ்க்க அழிக்கட்டுமான்னுதான் கேக்கும். என்ன இருக்கு அதுல?"

"பயண நிகழ்ச்சி."

அவன் என்னைப் பார்த்தான். அவன் மகளும் தைச்சியின் நடனக் குழுவில் புல்லாங்குழல் வாசித்தவள்தான். டார்ச்சை டிவி மேலேயே வைத்தான். "இது இங்க இருக்கட்டும். உள்ள இருக்கிற போர்டு போற வரைக்கும் ஓடும். இன்னைக்கும் போகலாம், அடுத்த வருஷமும் போகலாம். ரிமோட்ல சிவப்பு பட்டன மட்டும் தொட்டுடாதீங்க, அழிஞ்சிடும்."

பிப்ரவரி 18

டார்ச்சைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 20

வேலையிலிருந்து வந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல், டார்ச்சை அடித்துப் பதிவுப் பட்டியலைத் திறந்தேன். வட்டத்துக்குள் ஒரு வரிதான் தெரிகிறது. வெந்நீர் ஊற்று. ஏதோ ரயில். மறுபடி வெந்நீர் ஊற்று. எல்லாம் அவளுடையவை. சிவப்பு பட்டன் எங்கே, என் கட்டைவிரல் எங்கே— ஐயோ, நானே அழிச்சுத் தொலைச்சுட்டா?

ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு அவளுக்குப் போன் செய்தேன். அவளே எடுத்தாள்.

டிவி போனதைச் சொன்னேன். பாண்டோ சொன்னதையும் சொன்னேன். அவள் சொன்னாள்: "எல்லாத்துக்கும் அடியில இருக்கும். போங்க, கீழ போய்க்கிட்டே இருங்க. அதப் பூட்டிதான் வச்சிருக்கேன், சிவப்ப அமுக்கினாலும் அழியாது."

கிடைத்தது. போட்டேன். மணி, மேளம், கூட்டத்தின் இரைச்சல். போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். டார்ச்சை எங்கே காட்டுவது? ஒரு விசிறி, ஒரு மரம், யாரோ ஒருத்தியின் தோள். இவ்வளவு பெரிய திரையில் என் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. கேட்டேன்:

"எந்தப் பக்கத்துல இருந்து வருவான்?"

"இருங்க. இது வேற குழு." அவளுக்குச் சத்தமே போதும். "இன்னும் இல்ல... இப்ப மணிச்சத்தம் மாறும் பாருங்க. மாறிடுச்சா? வலது பக்கம், கீழ. கையில லாந்தர் வச்சிருப்பான்."

வந்தான்.

தலையில் கட்டிய துணி நழுவிக் காதில் விழுந்திருந்தது. குனிந்து, முட்டியை மடக்கி, ஆடிக்கொண்டே வந்தான். வட்டத்தை விட்டு வெளியே போனான். நான் துரத்தினேன். பிடித்தேன். மறுபடி போனான்.

"இப்ப இடது பக்கம் பாத்து சிரிப்பான். தெரியுதா?"

"தெரியுது."

"அங்க யார் நின்னாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அன்றைக்குக் குழுவுக்கு ஈரத்துண்டு கொடுக்க வாளியோடு நடைபாதையில் நின்றது நான்.

"உங்களப் பாத்துதாங்க சிரிக்கிறான். அதக் காட்டத்தான் தினமும் கூப்பிட்டேன்."

அவன் போய்விட்டான். அடுத்த குழு வந்தது. டார்ச் அதே இடத்தில் யார் யாருடைய கால்களையோ காட்டிக்கொண்டிருந்தது. அழுதேனா? இல்லை. மூக்கு மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது.

"இன்னொரு தடவ போடட்டுமா?" என்று கேட்டேன்.

"போடுங்க" என்றாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலைப் படகில் ஹிசானோ வந்தாள். அக்கா வீட்டில் நிலநடுக்க அவசரத்துக்கு வைத்திருக்கும் பையிலிருந்து இரண்டு டார்ச்சை உருவிக்கொண்டு வந்திருக்கிறாள். "அக்கா திட்டுவாளே?" என்றேன். "திட்டட்டும்" என்றாள்.

ஆளுக்கொரு டார்ச். பாண்டோவுடையதைப் புத்தகங்களுக்கு மேல் நிறுத்தி வைத்தோம். மூன்று வட்டமும் சேர்ந்தால் ஒரு ஆள் முழுசாகத் தெரிகிறான். அவள் மெலிந்திருக்கிறாள். என் வட்டம் பிந்தும்போதெல்லாம் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "மெதுவா. அவன் அவ்ளோ வேகமாப் போக மாட்டான்."

நடுவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவளுடைய நிகழ்ச்சி. ரிமோட்டை வாங்கி ஏதோ செய்தாள். விளக்கு அணைந்துவிட்டது.

"வாராவாரம் பதியுறத எடுத்துட்டேன். வீட்டுலதானே இருக்கேன், ஓடுறப்பவே பாத்துக்கிறேன்."

"எதுல பாப்ப?"

"அதான் பாண்டோகிட்ட ஒண்ணு சொல்லிட்டு வாங்க."

மார்ச் 2, ஞாயிறு

பாண்டோ புது டிவியைக் கொண்டுவந்து மாட்டினான். பளிச்சென்று இருக்கிறது. பழசுக்குக் கீழே கையைக் கொடுத்து, "இத எடுத்துக்கிட்டுப் போயிடுறேன்" என்றான்.

"வேண்டாம்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவன் கையை எடுத்துவிட்டான்.

நாளைக்குக் கடைக்குப் போக வேண்டும். டோஃபு, வெங்காயத்தாள், டார்ச்சுக்கு பாட்டரி.