நீதான் இழுக்கிறாய் என்றார்கள்

காலையில் நம் மகள் ஈஸ்வரி கொடுத்த தண்ணீர் உப்புக் கரித்தது. குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள். உனக்குப் பிரஷர் வந்த நாளிலிருந்து நம் வீட்டுக் குழம்பில் உப்பே இருக்காது. கேட்டால், “எனக்கொரு சட்டி, ஒங்களுக்கொரு சட்டியா? நாக்கு பழகிரும்” என்பாய். இப்போது எனக்கு உப்புத்தான் மருந்து. இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பாய். நடந்தது எதுவும் உனக்குத் தெரியாதே, அதனால் எழுதுகிறேன்.

கொரோனா வந்து இருவரும் ஒன்றாகத்தான் படுத்தோம். நான் மட்டும் வீடு திரும்பினேன். காய்ச்சலும் இருமலும் போன பிறகுதான் இது ஆரம்பித்தது. உட்கார்ந்திருந்தால் ஒன்றுமில்லை. எழுந்து நின்றால் போதும், மலையேறி ஓடிவந்தவனைப் போல நெஞ்சு அடித்துக்கொள்ளும். கண் இருட்டும். கால்கள் கனத்துப்போகும்.

ஒருநாள் மனதைத் தேற்றிக்கொண்டு ஜீப்பை எடுத்தேன். ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள்தான் லோடு, நீ மட்டும் இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு தொந்தரவும் இல்லை. போடிமெட்டில் இறங்கி நின்றேன், அவ்வளவுதான் தெரியும். கண் திறந்தபோது ஈரத் தரையில் கிடந்தேன். உன்னோடு ஏலக்காய் எடுத்த பேச்சியம்மா முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, மதினி ஒங்கள விட்டுட்டுப் போக மாட்டேங்குறாக. அவுகதான் இழுக்குறாக” என்றாள்.

அத்தனை பேரை வைத்துக்கொண்டு வளைவில் மயக்கம் வந்திருந்தால்? அன்றைக்கே சாவியை உன் தம்பி கையில் கொடுத்துவிட்டேன்.

போடியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. துக்கம், பயம் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார் ஒரு டாக்டர். உன் தம்பிக்கு மனம் ஒப்பவில்லை. “மாமா, சிலமலைப் பக்கம் ஒரு கோடாங்கி இருக்காரு. வெரசாக் கெளம்புங்க” என்று கூட்டிப்போனான். உடுக்கை அடித்துக் குறி சொன்ன அந்த மனிதர், நீ என் முதுகுக்குப் பின்னால் நிற்பதாகச் சொன்னார். உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்துப் படையல் போட்டோம். கும்பிட்டு எழுந்தேன். நெஞ்சு அடித்தது. உன் தம்பியின் முகம் வாடிப்போனது. எனக்கோ பயத்துக்கு நடுவில் ஒரு நிம்மதி. நீ இன்னும் போகவில்லை.

ஈஸ்வரிதான் விடாமல் என்னைத் தேனிக்கு அழைத்துப்போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா என்னைப் படுக்கவைத்து நாடி பார்த்தார். பிறகு சுவரோரம் நிற்கவைத்து, கையை விடாமல் மறுபடி மறுபடி பார்த்தார். நாடி ஏறிக்கொண்டே போனது.

“இது பயம் இல்லைங்க. நாம நினைக்காமலே இதயத்தையும் ரத்தக் குழாயையும் நடத்துற நரம்புங்க இருக்கு. கொரோனாவுக்கு அப்புறம் சில பேருக்கு அது தடுமாறிப் போகுது. நிக்கும்போது ரத்தம் கால்ல தங்கிருது. அதை ஈடுகட்ட இதயம் ஓடுது” என்றார்.

“எப்பம்மா சரியாகும்?”

“பல பேருக்குக் கொஞ்சங் கொஞ்சமாக் குறையுது. எப்பன்னு என்னால சொல்ல முடியலைங்க.”

எனக்குப் பிரஷர் இல்லாததால் உப்பும் தண்ணீரும் கூட்டச் சொன்னார். தொடைவரை இறுக்கிப் பிடிக்கும் காலுறை கொடுத்தார். படுத்தபடியும் உட்கார்ந்தபடியும் செய்யச் சில பயிற்சிகள் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்சில் ஈஸ்வரியிடம் கேட்டேன், “அப்ப அது ஒங்கம்மா இல்லையா?”

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படியே திருப்பிக் கேட்டாள், “அம்மாவா இருந்தா ஒங்களக் கீழ தள்ளுமாப்பா?”

அவள் கேட்டது நியாயம்தான். இருந்தும் குழப்பம் தீரவில்லை. சில நாள் நானே கடைக்குப் போய்வருகிறேன். மறுநாள் காரணமே இல்லாமல் பல் துலக்க நிற்க முடிவதில்லை. ஜீப்பை உன் தம்பி ஓட்டுகிறான். நான் ஸ்டாண்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆள் ஏற்றிவிடுகிறேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உன் உயரத்தில் யாராவது வந்து ஏறினால், உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அடிக்கிறது. நிற்கும்போது அடிப்பது நரம்புக் கோளாறு, சரி. இது எது? டாக்டரம்மாவிடம் கேட்கத்தான் மறுபடி போனேன். கேட்காமலே வந்துவிட்டேன்.

கொரோனாவோடு நாம் போன அன்று ஆஸ்பத்திரி வாசலில் உன்னைத்தான் முதலில் ஸ்ட்ரெச்சரில் எடுத்தார்கள். நானும் அவசரமாக எழப் பார்த்தேன். நீ முகக்கவசத்தை விலக்கி, “நான் முன்ன போறேன். நீங்க அவசரப்படாம பைய வாங்க” என்றாய். வார்டுக்குத்தான் என்று அப்போது நினைத்தேன். எதை நினைத்துச் சொன்னாய் என்று இன்றுவரை தெரியவில்லை. உன் பேச்சில் கடைசியாக என்னிடம் இருப்பது அதுதான். தினமும் விடிந்ததும் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டுக் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். பிறகு சுவரைப் பிடித்து எழுகிறேன். பையத்தான் வந்துகொண்டிருக்கிறேன்.